நான்கு டப்பா தைரியம்

ஜனவரி 8

அன்புள்ள ஊசிக்காரிக்கு,

நான் நலம். நீயும் வாலுவும் நலமாக இருப்பீர்கள் என்று எழுதிவிட்டு அடிக்கப் போனேன். அடிக்கடி தொண்டை வீங்கித் தண்ணீர்கூட விழுங்க முடியாமல் போகிற பிள்ளையை நலம் என்று எப்படி எழுதுவது? அடித்தால் தாள் அசிங்கமாகிவிடும் என்று அப்படியே விட்டுவிட்டேன்.

உன் கடிதம் வந்தது. நாலே வரி. மார்ச் 14 வாலுவுக்கு டான்சில் ஆபரேஷன். நீ அவள் கூடவே இருக்க வேண்டும், வெளியே கவுன்டரில் நிற்கவும் பேசவும் ஓர் ஆள் வேண்டும். நிற்க முடியுமென்றால் வாருங்கள், முடியாதென்றால் வர வேண்டாம். நீ அந்த ஊர் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய் எட்டு மாதம் ஆகிறது. நாம் மூன்று பேரும் இனி ஒரே வீட்டில் இருப்போமா மாட்டோமா என்பது அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது என்று எனக்குப் புரியாமல் இல்லை.

போனில் பேசினால் என்ன என்று கேட்பாய். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் உன்னிடம் நேரில் பேசப் பயந்ததில்லை. ஆனால் போனில் வரும்போது நீயும் யாரோ ஒருத்தியின் குரலாகிவிடுகிறாய். நாக்கு மேலே ஒட்டிக்கொள்கிறது. உன் மாமியாருக்கே நான் போன் செய்வதில்லை, உனக்குத் தெரியும்.

பட்டறையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகள் வரிசையாக வருகின்றன, மெழுகில் பல்லை நட்டுப் பார்த்து, செட் பல்லாக்கி அனுப்புகிறேன். வாய் என் மேசைமேல் இருக்கும்வரை பயமில்லை. அது ஒரு முகத்தோடு வந்து நின்றால்தான் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை.

ஆகவே மருந்து சாப்பிட முடிவு செய்திருக்கிறேன். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கிறார்களே, அந்த வகை. இதில் ஒரு வேடிக்கை பார். கூச்சத்துக்கு மருந்து வாங்க வாயைத் திறந்து கேட்க வேண்டும். வாயைத் திறக்க முடிந்தவனுக்கு மருந்து எதற்கு? கடையை நாலு தடவை கடந்து போனேன். ஐந்தாவது தடவை, துண்டுச் சீட்டில் எழுதி, அடுத்த வீட்டுக்காரருக்கு வாங்குவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு நீட்டினேன். மெக்னீசியம் ஒரு டப்பா, தேயிலைச் சத்து என்று ஒரு டப்பா. நாளையிலிருந்து தொடங்குகிறேன்.

வாலுவிடம் அப்பா முத்தம் கொடுத்ததாகச் சொல்.

உன்
பல்லுக்காரன்


ஜனவரி 19

பல்லுக்காரருக்கு,

அடுத்த வீட்டுக்காரர் இப்போது தேவலையா? அவருக்கு என்ன வியாதி என்று கடைக்காரர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள், அதை நினைத்து இங்கே வேலை நேரத்தில் சிரித்துவிட்டேன். கையில் ஊசியோடு சிரித்தால் ரத்தம் கொடுக்க வந்தவர் என்ன நினைப்பார்?

நான் மருந்து சாப்பிடுங்கள் என்று எழுதவில்லை. சாப்பிடாதீர்கள் என்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரு டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடலாமே. டப்பாவின்மேல் இலை படம் போட்டிருந்தால் எல்லாம் நல்லது என்று ஆகிவிடாது. இரண்டையும் ஒன்றாகத் தொடங்காதீர்கள், எது என்ன செய்கிறது என்றே தெரியாமல் போகும்.

வாலு ராத்திரி முழுக்கக் குறட்டை விடுகிறாள். வகுப்பில் எல்லோரிடமும், ‘எங்கப்பா ஒரு நாளைக்கு நூறு பல்லு செய்வார்’ என்று சொல்லியிருக்கிறாள். டீச்சர் என்னிடம் இவள் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கொஞ்சம் பயந்தே கேட்டார்.

நான் கோபமாகத்தான் இருக்கிறேன். சிரித்ததை வைத்து வேறு கணக்குப் போட வேண்டாம்.

ஊசிக்காரி


பிப்ரவரி 6

அன்புள்ள ஊசிக்காரிக்கு,

நீ சொன்னபடி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முடிவுகளை எழுதுகிறேன், சிரிக்காதே.

முதலில் மெக்னீசியம். பயத்தில் வயிற்றில் புளியைக் கரைக்கும் என்பார்களே, இது நிஜமாகவே கரைத்தது. ஐந்தாம் நாள் ஒரு பல் டாக்டர் பட்டறைக்கு நேரில் வந்து, நான் செய்த செட்டைப் பற்றிப் பாராட்டத் தொடங்கினார். பாதியில் ஓடினேன். அடக்கத்தால் ஓடினேன் என்று முதலாளியம்மா அவரிடம் சொல்லியிருக்கிறார்.

அடுத்து தேயிலைச் சத்து. அது ஒன்றும் செய்யவில்லை. அல்லது ஏதோ செய்தது, எனக்குத் தெரியவில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம், ‘இப்போது அமைதியாக இருக்கிறேனா’ என்று என்னையே கேட்டுக் கேட்டு இருந்த அமைதியும் போயிற்று.

மூன்றாவதாகச் சீமைச் சாமந்தி மாத்திரை. நன்றாகத் தூக்கம் வந்தது, மேசையிலேயே. ஒரு செட்டில் இடது கோரைப் பல்லை வலதுபுறமும், வலதை இடதுபுறமும் நட்டுவிட்டேன். இருபது வருஷத்தில் செய்யாத தப்பு. பாலிஷ் போடுகிறவர் பார்த்துச் சொன்னதால் ஒரு பெரியவர் தப்பித்தார்.

இதற்கிடையில் பட்டறை முன்னறையில் போன் எடுக்கும் பெண் பிரசவ விடுப்பில் போய்விட்டாள். ஆள் வரும்வரை காலையில் இரண்டு மணி நேரம் நான் உட்கார வேண்டும் என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார். போன் அடிக்கும்போதெல்லாம் என் கை அதன்மேல் போகிறது, எடுக்காமல் திரும்பி வருகிறது. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, விரல் நடுங்குகிறது. இன்றைக்கு எண்ணிப் பார்த்தேன், மார்ச் 14க்கு இன்னும் முப்பத்தாறு நாள்.

கடைக்காரரே இப்போது என்னைப் பார்த்ததும் ஒரு டப்பா எடுத்து வைக்கிறார். முடி, நகம், நரம்பு மூன்றுக்கும் ஒரே மாத்திரையாம், பெரிய மஞ்சள் மாத்திரை. ‘நரம்புக்கு இதுக்கு மேல ஒண்ணு கிடையாது சார், காலையில எந்திரிச்சதும் போட்டுருங்க’ என்றார். போட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன்
பல்லுக்காரன்


பிப்ரவரி 11

பல்லுக்காரருக்கு,

முடிக்கு வேறு மாத்திரையா? தலையில் மிச்சமிருக்கும் நாலு முடிக்கு இவ்வளவு செலவாக்க வேண்டுமா? அந்தக் கடைக்காரர் உங்களை நன்றாகப் புரிந்துகொண்டுவிட்டார், என்னைவிடவும்.

படபடப்பு இவ்வளவு இருந்தால் டாக்டரிடம் போங்கள். இதை மட்டும் கிண்டலாகச் சொல்லவில்லை.

வாலு தினமும் கேட்கிறாள், ‘ஆபரேஷனுக்கு அப்பா வருவாரா?’ என்று. ‘பாக்கலாம்’ என்கிறேன். ‘பாக்கலாம்னா வரமாட்டார்னு அர்த்தமா?’ என்கிறாள். இந்த வயதில் அவளுக்கு இவ்வளவு தெரிந்திருக்க வேண்டாம்.

ஊசிக்காரி


பிப்ரவரி 18

என் அன்புள்ள ஊசிக்காரிக்கு,

உட்கார்ந்து படி. நல்ல செய்திதான்.

நீ சொன்னதால் டாக்டரிடம் போனேன். நாடியைப் பார்த்தார், விரலை நீட்டச் சொல்லிப் பார்த்தார், நாலைந்து கேள்வி கேட்டார். ‘இல்லை’, ‘இல்லை’ என்று எப்படியோ சொல்லி முடித்தேன். ரத்தம் எடுத்தார்கள். முந்தாநாள் முடிவு வந்தது. எனக்குத் தைராய்டு. சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறதாம். படபடப்பு, நடுக்கம், வியர்வை, மனிதரைக் கண்டால் ஓடத் தோன்றுவது, எல்லாவற்றுக்கும் அது காரணமாக இருக்கலாம் என்றார்.

உனக்குப் புரிகிறதா? இது நான் இல்லை. கழுத்தில் இருக்கிற ஒரு சின்னச் சுரப்பி. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் ‘உள்ளேன்’ சொல்ல முடியாமல் ஆப்சென்ட் வாங்கினேனே, நம் கல்யாணத்தில் மேடையிலிருந்து இறங்கி மாடிக்குப் போய்விட்டேனே, எல்லாம் அதுதான். இத்தனை வருஷம் என்னை நானே திட்டியதெல்லாம் வீண். டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்து அழுதேன், சந்தோஷத்தில்.

அடுத்த புதன்கிழமை மறுபடி டாக்டரைப் பார்த்து மாத்திரை தொடங்க வேண்டும். அதற்குள்ளேயே என்ன நடந்தது தெரியுமா? முதலாளியம்மாவிடம் நானே போய், ‘மேடம், எனக்கு உடம்பு சரியில்ல, அதான் கை நடுங்குது, தப்பா எடுத்துக்காதீங்க’ என்றேன். பாவம், அவர் நாற்காலி எடுத்துப் போட்டார். நேற்று போன் எடுத்தேன். ஒன்பது போன். மாத்திரை வாங்கும் கடைக்காரரிடம் கால் மணி நேரம் தைராய்டைப் பற்றிச் சொன்னேன், அவரே நான் எப்போது போவேன் என்று பார்க்கத் தொடங்கிவிட்டார்.

மார்ச் 14 கவுன்டரில் நான் நிற்பேன். வாலு கையை உடைத்துக்கொண்ட அன்று ஆஸ்பத்திரியில் நடந்ததற்கு இனி நான் பொறுப்பில்லை என்று சொல்லலாமா? உன்னால் என்னை மன்னிக்க முடியுமா?

உன்னுடைய
பல்லுக்காரன்


பிப்ரவரி 21

பல்லுக்காரருக்கு,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். புதன்கிழமை அந்த மாத்திரையைத் தொடங்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தைப் படித்து நானும் அழுதேன். பிறகு பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். முடி, நகம், நரம்பு. நான் கிண்டல் செய்தேனே, அந்த மஞ்சள் மாத்திரை. அதில் பயோட்டின் என்று ஒரு வைட்டமின் நிறைய இருக்கும், டப்பாவின் பின்பக்கம் பாருங்கள். தைராய்டுப் பரிசோதனை செய்யும் பல மிஷின்களில் அதே பயோட்டினைத்தான் உள்ளே கொக்கிபோல வைத்திருக்கிறார்கள். ரத்தத்தில் ஏற்கெனவே அது ஏராளமாக இருந்தால் மிஷின் ஏமாந்துபோகும். நன்றாக இருக்கிற சுரப்பியைக் கெட்டுப்போனது என்று சொல்லும். எங்கள் கூடத்தில் வருஷத்துக்கு நாலைந்து பேருக்கு இப்படி வருகிறது. ரத்தம் எடுக்கும் முன் அதைக் கேட்பதுதான் என் வேலையே.

‘வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?’ என்று டாக்டர் கேட்டிருப்பார். அந்த ‘இல்லை’யில் அதுவும் ஒன்றா?

டாக்டரிடம் டப்பாவைக் காட்டுங்கள். பேச வராவிட்டால் டப்பாவை மேசைமேல் வைத்தாலே போதும். அவர் சொன்னபடி நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுங்கள். நிஜமாகவே தைராய்டாக இருந்தால் மருந்து சாப்பிடலாம். இல்லாத வியாதிக்கு அந்த மருந்து சாப்பிட்டால் உடம்பு கெடும்.

நான் தவறாக நினைத்திருந்தால் நல்லது.

ஊசிக்காரி


மார்ச் 4

ஊசிக்காரிக்கு,

நீ தவறாக நினைக்கவில்லை. மஞ்சள் மாத்திரையை ஒரு வாரம் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுத்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது. டாக்டர் கையைக் குலுக்கி வாழ்த்துச் சொன்னார். ஏன் அன்றைக்கு மாத்திரையைப் பற்றிச் சொல்லவில்லை என்று கேட்டார். சொன்னால் எதற்கு என்று கேட்பார், எதற்கு என்றால் கூச்சம் என்று சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு இன்னும் பத்துக் கேள்வி வரும். ‘இல்லை’ என்றால் ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். இதையும் அவரிடம் சொல்லவில்லை. ‘மறந்துட்டேன் டாக்டர்’ என்றேன்.

எட்டு நாள் எனக்கு வியாதி இருந்தது. என் ஆயுளில் அந்த எட்டு நாள்தான் நன்றாக இருந்தேன். உன் கூரியர் வந்த அன்றோடு அது போயிற்று. நீ செய்தது சரி என்று தெரியும். தெரிந்தும் உன்மேல் கோபம் வருகிறது. சொன்னவளிடம்தானே கோபப்பட முடியும், மிஷினிடமா படுவது?

நேற்றுப் போன் அடித்தது, முன்னறையிலிருந்து எழுந்து போய்விட்டேன். முதலாளியம்மா எல்லோர் முன்பும், ‘தைராய்டு எப்படி இருக்கு?’ என்று கேட்டார். சுகமாகிவிட்டது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நாலு டப்பாவையும் குப்பையில் போட்டேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கில் முடிந்தது.

நான் மார்ச் 14 வரவில்லை. ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆள் கிடைப்பார்கள், ஒருவரை வைத்துக்கொள். வாலுவிடம் ‘பாக்கலாம்’ என்று சொல்வதை நிறுத்திவிட்டு உள்ளதைச் சொல்லிவிடு.

பல்லுக்காரன்


மார்ச் 8

என் பல்லுக்காரருக்கு,

உள்ளதைச் சொல்லச் சொல்லி எனக்கு எழுதியிருக்கிறீர்கள். நல்லது, சொல்கிறேன்.

வாலு கை ஒடிந்து அலறிய அன்று, ஆஸ்பத்திரி வாசலில் எங்களை இறக்கிவிட்டு, ‘வண்டியை நிறுத்திட்டு வரேன்’ என்றீர்கள். நாற்பது நிமிஷம். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் பேனா, கவுன்டரில் பாரம் நிரப்பச் சொல்கிறார்கள். கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தேன். உங்களுக்குத்தான் ஏதோ விபத்து என்று நினைத்துவிட்டேன். எலும்பைச் சேர்க்கும் வலியில் அவள் கத்தும்போது நான் உங்களைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். பிறகு வந்தீர்கள். ‘இடம் கிடைக்கல’ என்றீர்கள். ஜன்னல் வழியாக நான் பார்த்துவிட்டேன், பத்து வண்டிக்கு இடம் காலியாகக் கிடந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தீர்கள்.

நீங்கள் பேசாதவர் என்று தெரிந்துதான் கட்டிக்கொண்டேன். எனக்கு வாய் இருக்கிறது, நம் மூன்று பேருக்கும் அது போதும். ‘என்னால் முடியவில்லை’ என்று அன்று வாசலில் சொல்லியிருந்தால், பிள்ளையை உங்கள் மடியில் போட்டுவிட்டு நான் போய்க் கவுன்டரில் நின்றிருப்பேன். நான் விட்டுப் போனது உங்கள் பயத்தை இல்லை. அந்த ‘வண்டியை நிறுத்திட்டு வரேன்’ என்பதைத்தான். டாக்டரிடம் சொன்ன ‘இல்லை’யும் அதே வகைதான். பேச்சைத் தவிர்க்க ஒரு சின்னப் பொய், அதன் பின்னால் மற்றவர் காத்துக்கிடக்க வேண்டியது.

அந்த எட்டு நாளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த எட்டு நாளும் என்ன மருந்து சாப்பிட்டீர்கள்? தைராய்டு மாத்திரையைத் தொடங்கவே இல்லையே. எதிரில் வந்தவர்களிடமெல்லாம், ‘எனக்குக் கை நடுங்கும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்’ என்று சொன்னீர்கள். அவ்வளவுதான் நடந்தது. சுரப்பியின் பெயரை முன்னால் நிறுத்திக்கொண்டு சொன்னீர்கள். ஆனால் சொன்னது உண்மைதானே.

நானும் யோக்கியம் இல்லை. மாற்றல் கேட்டு எழுதியதை உங்களிடம் சொல்லவில்லை, உத்தரவு வந்தபிறகு சாமானைக் கட்டும்போது சொன்னேன். அந்த மஞ்சள் மாத்திரை விஷயத்தைக்கூட ஒரு பகல் முழுக்கச் சொல்லாமல் வைத்திருந்தேன். 14ஆம் தேதி வரைக்கும் அந்தத் தைரியம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். என்னைப் பற்றியே எனக்குப் பயம் வந்துவிட்டது.

ஜனவரியில் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். கவுன்டரில் நான் நிற்கிறேன். காலை ஆறரைக்கு வெறும் வயிற்றோடு அழைத்து வரச் சொல்லியிருக்கிறார்கள், உள்ளே கூப்பிடும்வரை அவளை யாராவது மடியில் வைத்திருக்க வேண்டும். அதற்கு வாருங்கள். எது முடியாதோ அதை வாசலிலேயே என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். சொல்லாமல் மறுபடி காணாமல் போனால், அதற்குப் பிறகு நமக்குள் கடிதம் வேண்டாம். வாலுவுக்கு மட்டும் எழுதுங்கள்.

நீங்கள் இல்லாமல் இருக்கப் பழகிவிட்டேன் என்று எழுதலாம் என்று நினைத்தேன். பொய் எழுதக் கூடாது என்று இவ்வளவு நேரம் சொல்லிவிட்டு எப்படி எழுதுவது?

உங்கள்
ஊசிக்காரி


மார்ச் 14, காலை 7.20

என் ஊசிக்காரிக்கு,

நர்ஸ் கொடுத்த பாரத்தின் பின்பக்கம் எழுதுகிறேன். ஒரு கையால் வாலுவைப் பிடித்திருப்பதால் எழுத்து கோணுகிறது. நீ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கவுன்டர் வரிசையில் நிற்கிறாய், முன்னால் ஏழு பேர்.

உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன், எனக்கு எழுதிப் பார்த்தால்தான் நடந்தது நடந்ததாகிறது. வாசலில் உன்னைப் பார்த்து, ‘என்னால கவுன்டர்ல நிக்க முடியாது. உள்ள வந்தாலே ஓடிரணும்போல இருக்கு’ என்றேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த வாக்கியம். நீ, ‘சரி, இவளப் புடிங்க’ என்று மட்டும் சொன்னாய். ஒரு பெரிய சண்டைக்கோ அழுகைக்கோ தயாராக வந்திருந்தேன், நீ பாட்டுக்கு வரிசையில் போய் நின்றுவிட்டாய்.

உனக்குத் தெரியாத ஒன்றும் நடந்தது. நீ போன கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்து, ‘இந்தப் பாப்பாகூட யாரு?’ என்றார். அவள் அம்மா வருவாள், அவளிடம் கேளுங்கள் என்று வாய்வரை வந்துவிட்டது. ‘நான்தாங்க. அப்பா. எனக்குப் புது ஆளுங்ககிட்ட பேச்சு சரியா வராது, கொஞ்சம் மெதுவாக் கேளுங்க’ என்றேன். அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் குடித்தாளா, காய்ச்சல் இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார், வாலுவையே கேட்டுச் சொன்னேன். அப்புறம், ‘ஆடுற பல்லு ஏதாவது இருக்கா? மயக்கம் குடுக்கும்போது தொண்டைக்குள்ள போயிரும்’ என்றார்.

இருக்கிறது. நான் இன்று காலையில்தான் பார்த்தேன், அவள் கொட்டாவி விட்டபோது. மேல்வரிசையில் இடது பக்கம், நடுப்பல்லுக்கு அடுத்தது. பால்பல், வேர் கரைந்து தோலில் தொங்கிக்கொண்டிருக்கிறது. எந்தப் பக்கமாக ஆடுகிறது, வாய்வழியாகக் குழாய் விடும்போது எங்கே படக் கூடாது, எல்லாம் சொன்னேன். நாலைந்து நிமிஷம் நிறுத்தாமல் பேசியிருப்பேன். எழுதிக்கொண்டவர், ‘நல்லவேளை சொன்னீங்க, டாக்டர்கிட்ட சொல்லிடறேன்’ என்று எழுந்து போனார். அதற்குப் பிறகுதான் சட்டை முழுக்க நனைந்திருப்பது தெரிந்தது.

குணமாகிவிட்டேன் என்று நினைக்காதே. இன்று ஒரு மாத்திரையும் போடவில்லை. நெஞ்சு இப்போதும் தடதடக்கிறது, எழுந்து போக வேண்டும்போல் இருக்கிறது, நிமிஷத்துக்கு ஒரு தரம் வெளிக்கதவு எங்கே என்று பார்க்கிறேன். கால் தன்பாட்டுக்கு ஆடுகிறது, நிறுத்த முடியவில்லை. ‘ஆட்டாதீங்கப்பா’ என்று வாலு இரண்டு தரம் சொன்னாள். மூன்றாவது தரம் சொல்லவில்லை. தொட்டில் என்று நினைத்துவிட்டாளோ என்னவோ, அந்த ஆட்டத்திலேயே தூங்கிவிட்டாள். இப்போது நிறுத்தினால் விழித்துக்கொள்வாள்.

உனக்கு முன்னால் இன்னும் நாலு பேர். இதை மடித்து உன் பையில் வைக்கிறேன். பதில் எழுத வேண்டாம். திரும்பிப் பார்த்தால் போதும், மூன்றாவது நாற்காலியில் இருக்கிறேன்.

உன்
பல்லுக்காரன்